கம்பியில குத்துன காலண்டர்த் தாளு

வா கண்ணு, உக்காரு. திண்ணையோரம் எறும்பு ஊருது, சித்தே பாத்து உக்காரு. கையில என்ன, போனா? கவுத்து வெய்யி. அது பாட்டுக்கு மினுக்கீட்டுக் கெடக்கட்டும்.

என்ன சொன்னே? வேலைச் சட்டமெல்லாம் நாளுக்கொண்ணா மாறுது, பின்னால ஓடி மாளலைன்னா? அட சாமி, உன்னைய ஓடச் சொன்னது ஆரு?

என்ற தம்பி மவன் ஒருத்தன் இருக்கறான். திருப்பூர்ல ஒரு பனியன் ஏற்றுமதிக் கம்பெனியில வேலை. சட்ட விசயத்துல அவனை மிஞ்ச ஆளில்லை. போன்ல ஏழு குரூப்பு. கோழி கூப்புடறதுக்கு முன்னாடி அது கூப்புடும், ‘புதிய விதி, உடனே பகிரவும்’னு. ஞாயித்துக்கெழமை கறிச்சோத்துக்கு வந்தான்னா கை கழுவறதுக்குள்ள ஆரம்பிச்சுருவான். ‘பெரியப்பா, லேபர் கோடு வந்துருச்சு, தெரியுமா?’

தெரியும்டா. நானும் பேப்பர் படிக்கறவந்தான். 29 பழைய சட்டத்தை அவுத்து நாலு சாக்குல கொட்டிக் கட்டியிருக்கறாங்க. சம்பளத்துக்கு ஒரு சாக்கு, அது 2019ல தச்சது. சண்டை சச்சரவுக்கு ஒண்ணு, பிஎப் இஎஸ்ஐ வகையறாவுக்கு ஒண்ணு, பாதுகாப்பு சுகாதாரத்துக்கு ஒண்ணு. இந்த மூணும் 2020ல தச்சது. தச்சு? மூலையில போட்டாங்க. அஞ்சு வருசம்! அந்த அஞ்சு வருசமும் ‘இந்த ஏப்ரல்ல வருது’, ‘அடுத்த ஜூலையில வருது’ன்னு கோயமுத்தூர்ல பெரிய ஓட்டல்ல கூட்டம் போட்டாங்க பாரு, அதுதான் வேடிக்கை. கட்டணம் கட்டோணும். ஒரு பை, ஒரு பேனா, மத்தியானம் பஃபே. நம்ம பையனும் கம்பெனிச் செலவுல ரெண்டு தடவை போனான். என்னடா தெரிஞ்சுக்கிட்டேன்னு கேட்டா, ‘பன்னீர் டிக்கா நல்லா இருந்துது’ங்கறான். மாப்பிளை வராத கல்யாணத்துக்கு அஞ்சு வருசம் பந்தி நடந்த கதை.

கடைசீல 2025 நவம்பர் 21, ஒரு வெள்ளிக்கெழமை, நாலும் நடைமுறைக்கு வந்துருச்சுன்னு அறிவிச்சாங்க. கூட்டம் போட்டவீக பாதிப்பேரு அன்னைக்கு அசந்துட்டாங்க. இப்ப மறுக்கா கூட்டம் போடறாங்களாம், கட்டணம் ஏறீருச்சாம்.

சரி, போன வாரம் நடந்ததைச் சொல்றேன் கேளு. பையன் வந்தான். ‘பெரியப்பா, இனிமே சம்பளத்துக்கே புது அர்த்தம்’னான். நல்லது கண்ணு, உன்ற சம்பளச் சீட்டை எடுன்னேன். முழிக்கறான். ஆறு வருசமா வேலை செய்யறான், மாசாமாசம் மெயில்ல வருதாம், ஒருக்காக்கூடத் தொறந்து பாத்ததில்லையாம். பாஸ்வேர்டு மறந்துபோச்சாம்! ஏழு குரூப்புல ஊருக்கெல்லாம் நாயம் பேசறவன், அவன்ற சீட்டுக்குச் சாவி தெரியாம உக்காந்திருக்கறான். ஏட்டுச் சுரைக்கா கறிக்கு ஆகாதுங்கறது பழைய பழமை. இவன் சுரைக்காயக்கூடப் பாக்கலை, ஏட்டுக்கு அட்டை போட்டுக்கிட்டு இருக்கறான்.

அரை மணி நேரம் கட்டை வெரல்ல குத்தித் தொறந்தான். நான் கண்ணாடியப் போட்டுக்கிட்டுப் பாத்தேன். மொத்தம் 26,000. பேசிக் எவ்வளவு? 7,800. மிச்சமெல்லாம் அலவன்சு. வீட்டுக்கு ஒண்ணு, வண்டிக்கு ஒண்ணு, துணி தொவைக்க ஒண்ணு. ‘ஏன்டா, நீ துணி தொவைக்கறயா?’ன்னேன். அவன் சம்சாரம் உள்ளே இருந்து சிரிக்குது.

இதுல இருக்கற சூட்சுமம் புரியுதா உனக்கு? பிஎப்பும் கிராஜுட்டியும் மொத்தச் சம்பளத்துல கணக்குப் போடறதில்லை. அதனால பேசிக்கை ஒல்லிக்குச்சி ஆக்கி, அலவன்சை ஊதிப் பெருசாக்கி வெச்சா முதலாளிக்கு லாபம். புதுச் சட்டம் என்ன சொல்லுது? அலவன்சுன்னு ஒதுக்கறது மொத்தத்துல பாதியைத் தாண்டப்படாது. தாண்டுனா, தாண்டுனதைச் சம்பளத்தோட சேத்துத்தான் கணக்குப் போடோணும். அம்புட்டுத்தான். இதுக்கு எதுக்குப் பன்னீர் டிக்கா?

ஒரு சுண்ணாம்புக் கட்டி எடுத்துத் திண்ணையிலயே போட்டுக் காட்டுனேன். கிராஜுட்டிக்கு மாசத்தை 26 நாளா வெச்சுக்கிட்டு, வருசத்துக்கு 15 நாள் சம்பளம். 7,800ஐ 26ல வகுத்தா நாளைக்கு 300. பதினஞ்சு நாளைக்கு 4,500. ஆறு வருசத்துக்கு 27,000. இப்ப பாதிக்கணக்கு, 13,000ன்னு வெச்சுக்க. நாளைக்கு 500. பதினஞ்சு நாளைக்கு 7,500. ஆறு வருசத்துக்கு 45,000. வித்தியாசம் எவ்வளவு? 18,000. ரெண்டு வெள்ளாடு வாங்கலாம் கண்ணு, குட்டியோட.

பையன் வாயப் பொளந்துட்டான். அப்பறம் மொகம் சுருங்குச்சு. ‘அப்ப பிஎப்புக்கு எச்சாப் புடிப்பாங்களே பெரியப்பா, கைக்கு வர்றது கொறையுமே?’ ஆமா. 12 சதவீதத்துல 936 ரூவா போன எடத்துல 1,560 போகும். 624 ரூவா கொறையும். ஆனா அதே அளவு கம்பெனியும் போடோணுமில்ல? அதையும் ‘சிடிசி’ன்னு ஒரு மந்திரத்தைச் சொல்லி உன்ற மொத்தத்துலயே கழிச்சாலும் கழிப்பாங்க, பாத்துக்கன்னேன். சட்டப்படி பிஎப் கட்டாயங்கறது 15,000 ரூவாச் சம்பளம் வரைக்குந்தான், அதுக்கு 1,800 ரூவா. அதுக்கு மேல இழுத்துப் பயமுறுத்துனா நம்பாதே.

இன்னொண்ணு கேட்டேன். ‘நீ அங்க என்ன வேலை செய்யறே?’ ‘அசோசியேட் மேனேஜருங்க பெரியப்பா.’ ஓகோ. உனக்குக் கீழ எத்தனை பேரு? ஒருத்தருமில்லை. லீவு கேட்டா நீ குடுக்கலாமா? முடியாது. அப்ப காலையில போயி என்ன பண்றே? பீசை எண்ணறான், கணக்கெழுதறான், லாரி வந்தா ஏத்தி உடறான். அட, எங்க மில்லுல அதுக்குக் குமாஸ்தான்னு பேரு! அசோசியேட் மேனேஜராம்ல. பேரு பெத்த பேரு.

நீ சிரிக்கறே. ஆனா அந்தப் பட்டத்துல ஒரு கொக்கி இருக்குது. சட்டத்துல ‘தொழிலாளி’ன்னா ஒரு வரையறை உண்டு. நிர்வாகம் பண்றவன் அதுல சேத்தியில்லை. மேற்பார்வை பாக்கறவன் 18,000க்கு மேல வாங்குனா அவனும் சேத்தியில்லை. தொழிலாளி இல்லைன்னு ஆயிட்டா ரெட்டைச் சம்பள ஓவர்டைம் கேக்கறதுக்கோ, வேலையை உட்டுத் தூக்குனா தொழில் தீர்ப்பாயத்துக்குப் போறதுக்கோ வழி அடைஞ்சு போகும். அதுக்குத்தான் கம்பெனிக்காரன் சம்பளத்துக்குப் பதிலாப் பட்டத்தை அள்ளி உடறான். காசு செலவில்லாத சரக்கு பாரு! நல்லவேளை, கோர்ட்டு அட்டையில இருக்கற பேரைப் பாக்கறதில்லை, கையில இருக்கற வேலையத்தான் பாக்கும். அதனால அட்டையப் பொண்டாட்டி ஊட்டுல காட்டு, வேலைய எழுதி வெய்யின்னேன்.

அப்பறம் இந்தப் பார்ட்னரு கூத்து. ஓறம்பரை வந்திருந்தாங்கன்னு பேத்தி போன்லயே பிரியாணி சொன்னா. மழையில நனைஞ்சுக்கிட்டு ஒரு பையன் வந்தான். பொட்டியத் தொறக்கறான், சட்டையில கம்பெனி பேரு. வேலைக்காரனா கண்ணுன்னேன். ‘இல்லீங் தாத்தா, டெலிவரி பார்ட்னரு’ங்கறான். பார்ட்னருன்னா லாபத்துல பங்கு உண்டா? வண்டி உன்றது, பெட்ரோல் உன்றது, மழை உன்றது, லாபம் மட்டும் ஆருது? பையன் சிரிச்சுப்போட்டு ‘அஞ்சு ஸ்டார் போடுங்க தாத்தா’ன்னு போயிட்டான். புதுச் சட்டத்துல அவனுக்கு ஒரு பேராவது வெச்சிருக்கறாங்க, கிக் தொழிலாளின்னு. கம்பெனிக தங்களோட வருச வியாபாரத் தொகையில ஒண்ணு, ரெண்டு சதவீதம் நிதிக்குப் போடோணும், பசங்களுக்குக் குடுக்கற கூலியில அஞ்சு சதவீதத்தைத் தாண்ட வேண்டியதில்லைன்னு எழுதியிருக்குது. நம்ம ஊர்லயும் 2023ல அவுங்களுக்குன்னு நல வாரியம் அமைச்சாங்க. பதிஞ்சிருக்கறயாடான்னு அந்தப் பையனைக் கேக்கோணும்னு நெனைச்சேன், அதுக்குள்ள தெருமொனை தாண்டீட்டான். அவனுக்கு நேரமாச்சுன்னா காசு புடிப்பாங்களோ என்னமோ.

இந்தப் போன் சேதி இருக்குதே, அதுல பாதி உமி, பாதி தவுடு. ‘இனி வாரத்துக்கு நாலு நாள்தான் வேலை’ன்னு பையன் ஒரு நாள் குதிச்சான். முழுசாப் படிடான்னேன். வாரத்துக்கு 48 மணிங்கறது மாறவேயில்லை. நாலு நாள்ல அடைக்கோணும்னா நாளைக்கு 12 மணி நேரம் ஆவுது. 48ஐ நாலுல வகுக்கறதுக்கு டிகிரி வேணுமா?

12 மணின்னதும் நாபகம் வருது. நம்ம சட்டசபையிலயே 2023 ஏப்ரல் 21ல தொழிற்சாலையில 12 மணி நேரம் வேலை வாங்கலாம்னு ஒரு திருத்தம் நெறவேறுச்சு. கூட்டணிக் கட்சிகளே வெளிநடப்புப் பண்ணுனாங்க, சங்கமெல்லாம் கொந்தளிச்சுது. பத்தே நாளு. மே தினத்தன்னைக்கு வாபஸ்னு முதலமைச்சரு சொல்லீட்டாரு. 1923ல சிங்காரவேலர் மெட்ராசுல மே தினம் கொண்டாடிச் சரியா நூறு வருசம் ஆன நாளு அது. சட்டம் வந்த சேதிய நம்ம பையன் நூறு பேருக்கு அனுப்புனான். போன சேதிய? ஒருத்தருக்கும் அனுப்புலை. ரெண்டு வருசம் கழிச்சும் அவன் கம்பெனி சூப்பர்வைசரு ‘பன்னண்டு மணி சட்டம் இருக்குதப்பா’ன்னு அதைக் காட்டியே வேலை வாங்குனானாம். தேதி பாக்காத சேதியும் தேதி முடிஞ்ச மாத்திரையும் ஒண்ணுதான்.

நான் ஏன் இதுக்கு இத்தனை பேசறேன்னு கேளு. என்ற அப்பாரு மில்லுக்குப் போனப்ப நாளைக்கு 11 மணி நேரம். அது 1922 சட்டம். அதுக்கு முன்னாடி 12. 1934ல பத்தாச்சு. 1946ல ஒம்பது, வாரத்துக்கு 48. ஒரு மணி நேரம் கொறைக்கப் பத்துப் பன்னண்டு வருசம் புடிச்சிருக்குது பாரு. மெட்ராசுல 1918ல வாடியாவும் திரு.வி.க.வும் சங்கம் கட்டுனாங்க. மில்லுக்காரன் கோர்ட்டுக்குப் போயி அதை அமுக்கப் பாத்தான். சங்கம் வெக்கறது குத்தமில்லைன்னு 1926ல சட்டமே வந்துது. அப்பாரு எட்டு மணிச் சங்கைக் கேக்காமயே போய்ச் சேந்துட்டாரு. நீ என்னடான்னா லேப்டாப்பை ஊட்டுக்குத் தூக்கியாந்து ராத்திரி பதினோரு மணிக்குத் தட்டறே. கேட்டா ‘நாங்கெல்லாம் ஒரே குடும்பம்’னு ஆபீசுல சொன்னாங்களாம். குடும்பத்துல ராத்திரி வேலை செஞ்சா ஆத்தா எந்திரிச்சுச் சுடுசோறு போடுவா. அங்க ஆரு போடறா?

புதுசு புதுசுன்னு ஏங்கறயே, இதையும் கேட்டுக்க. 300 பேரோ அதுக்கு மேலயோ இருந்தாத்தான் ஆளைக் கொறைக்கவும் ஆலைய மூடவும் சர்க்காரு அனுமதி வாங்கோணும்னு புதுச் சட்டத்துல சொல்லியிருக்குதில்ல? அது புதுசே இல்லை. 1976ல மொதமொதல்ல போட்டப்பவே 300தான். அப்பறம் 1984ல இருந்து 100. இப்ப மறுக்கா 300. நோம்பி ராட்டினத்துல குதிரை சுத்தி வர்ற மாதிரி. நான் அதே குதிரைய ரெண்டாந்தடவை பாக்கறேன், உனக்கு இதுதான் மொதக் குதிரை.

சட்டம் வந்தாலும் அது சும்மா வந்து உன்ற மடியில உக்காராது. கோழிக்கோட்டுல ஜவுளிக்கடைப் பொண்ணுக நின்னு நின்னு காலு வீங்கி, எங்களை உக்கார உடுங்கன்னு போராடுனாங்க. கேரளத்துல 2018ல சட்டமாச்சு. நம்ம ஊர்ல 2021ல கடைச் சட்டத்துல திருத்தம் போட்டு, ஒவ்வொரு கடையிலயும் ஆளுக்கு உக்கார எடம் வேணும்னாங்க. தீவாளிக்கு ஒரு பெரிய கடைக்குப் போனேன். ஆமா, நாற்காலி இருந்துது. அதுமேல ஆளு ஒசரத்துக்குச் சேலைப் பொட்டி இருந்துது. பக்கத்துல ஒரு அம்மிணி ஒத்தைக் கால்ல சாஞ்சுக்கிட்டு நின்னுது. ‘ஏனம்மிணி, உக்காரலாமில்ல?’ன்னேன். மேல இருக்கற கேமராவைப் பாத்துது, என்னையப் பாத்துது, ‘உங்களுக்கு என்ன கலருங்க வேணும்?’னு கேட்டுது. நான் அந்தப் பொட்டியில மேல இருந்ததை எடுத்துக் குடு சாமின்னேன். அடுத்தது, அதுக்கடுத்ததுன்னு நாற்காலி காலியாகற வரைக்கும் எடுக்க வெச்சேன். கடைசீல ஒரு துண்டு வாங்கீட்டு வந்தேன். மேனேஜரு என்னைய மொறைச்சான். மொறைக்கட்டும்.

உனக்கு என்ற கதை ஒண்ணு சொல்லோணும். நான் ஒரு மில்லுல டெம்பரவரியாச் சேந்தேன். பேரு எதுக்கு, இப்ப அந்த எடத்துல கல்யாண மண்டபம் நிக்குது. ஸ்பின்னிங்ல வேலை. அரை நைட்டு, முழு நைட்டுன்னு சங்கு ஊதற பக்கமெல்லாம் ஓடுவேன். நாலஞ்சு வருசம் ஆச்சு, பெர்மனென்ட் பண்ணலை. 1981ல நம்ம ஸ்டேட்டுல ஒரு சட்டம் போட்டாங்க. 24 மாசத்துல 480 நாள் வேலை செஞ்சவனை நிரந்தரம் பண்ணோணும்னு. எனக்கு அது தெரிஞ்சது எப்படி? டீக்கடையில. கார்டிங்ல இருந்த ஒரு பெரியவரு, மூக்குல பஞ்சு ஒட்டீட்டே, ‘உனக்கு எத்தனை நாளாச்சுடா?’ன்னாரு. ஆருக்குத் தெரியும்னேன். ‘அதை மில்லுக்காரன் எண்ணிக்கிட்டு இருக்கறான், நீ எண்ணலையா?’ன்னாரு. அம்புட்டுத்தான் சொன்னாரு. டீயக் குடிச்சுப்போட்டுப் போயிட்டாரு.

ஊட்டுல தெனசரிக் காலண்டரு தொங்குமில்ல? அன்னைக்கு இருந்து, வேலைக்குப் போன நாளுத் தாளைக் கிழிச்சு அடுப்புல போடலை. பின்னால எந்த சிப்ட்டு, எந்த மிசினு, ஆரு ஜாபருன்னு பென்சில்ல எழுதி, மளிகைக்கடையில சீட்டுக் குத்தற கம்பி மாதிரி ஒண்ணு வளைச்சு அதுல குத்தி வெச்சேன். உங்க பெரியாத்தா ‘தாளு பைத்தியம்’னு திட்டுனா. ரெண்டு வருசம். போயி நின்னேன். ஆபீசுல இருந்தவரு பேரேட்டைத் தொறக்காமயே சொல்றாரு, ‘உனக்கு 440 நாள்தாம்ப்பா.’ நான் ஒண்ணும் பேசலை. கம்பியத் தூக்கி மேசை மேல வெச்சேன். தாளு 493. மொத்தமா நின்னுது, சேவல் கொண்டை மாதிரி.

காலண்டர்த் தாளு சாட்சி ஆகுமா? ஆகாது. அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். ஆனா அந்தத் தாளுல இருக்கற ஜாபரு பேரும் மிசினு நெம்பரும் அவன்ற மஸ்டர் ரோல்ல இருக்குதே! லேபர் ஆபீசுல அதை எடுத்தாரச் சொன்னா அவனுக்குத்தானே அடிவயிறு கலங்கும்? ஒன்னரை மாசத்துல ஆர்டரு குடுத்தாங்க. பைசாச் செலவில்லை, காலண்டரு ஊருக் கூட்டுறவு பேங்கில ஓசி.

இத்தனைக்கும் எனக்கு அந்தச் சட்டத்தோட செக்‌ஷன் நெம்பரு இன்னைக்கு வரைக்கும் தெரியாது.

உனக்கு இப்ப கம்பியெல்லாம் வேண்டியதில்லை. வேலைக்குச் சேந்தா ஆர்டரு கையில குடுக்கோணும்னு புதுச் சட்டமே சொல்லுது. வாங்குனியா? ஒரு வருசத்துக்கு, ரெண்டு வருசத்துக்குன்னு தேதி குறிச்சு எடுத்த ஆளா நீ? அப்படீன்னா ஒரு வருசத்துலயே கிராஜுட்டி உண்டு, அஞ்சு வருசம் காத்துக்கெடக்க வேண்டாம். மத்தவனுக்குத்தான் அஞ்சு. வேலைய உட்டு நின்னா ரெண்டு வேலை நாளுக்குள்ள சம்பள பாக்கி வரோணும். ‘ஃபுல் அண்ட் ஃபைனல் நாப்பத்தஞ்சு நாளாகும்’னு சொல்றவங்கிட்டே, அது எந்தச் சட்டத்துலங்கன்னு சிரிச்சுக்கிட்டே கேளு. கோவமாக் கேட்டா உன்னையச் சண்டைக்காரன்பாங்க. சிரிச்சுக்கிட்டே கேட்டா அவனே போயிப் படிச்சுப்போட்டு வருவான்.

எங்க பையனும் போயிக் கேட்டான். சீட்டை அச்செடுத்து, நான் திண்ணையில போட்ட கணக்கைப் போட்டோ எடுத்துக்கிட்டு, திங்கக்கெழமை எச்சாரு முன்னாடி நின்னானாம். அந்தப் பொண்ணு ஸ்டார் ஓட்டல் கூட்டத்துல இவன் பக்கத்துல உக்காந்து பஃபே சாப்புட்டவளாம். கணக்கைப் பாத்துட்டு ‘இதை ஆரு போட்டது?’ன்னு கேட்டிருக்கறா. பெரியப்பான்னிருக்கறான். ‘அவுரு எந்தக் கன்சல்டன்சி?’ன்னாளாம்.

நேத்து ஞாயித்துக்கெழமை மறுக்கா வந்தான். கறிக்கொழம்பு வாசத்துல நேரா உள்ளே போனவனை நிறுத்தி, என்னடா சொன்னாங்கன்னேன்.

‘பாக்கறம்னாங்க பெரியப்பா.’

‘எப்பன்னு எழுதி வாங்குனியா?’

பையன் மோட்டுவளையப் பாத்தான். நான் எந்திரிச்சுப் போயி ஆட்டுக்குத் தண்ணி வெச்சேன்.